எதை ஒன்று என்று எண்ணுவது?

தருமபுரி மாவட்டத்துக் கல்லூரிகளில் மருந்தியலும் விலங்கியலும் உயிர்வேதியியலும் பயின்று, எலிகளையும் சுண்டெலிகளையும் கொண்டு ஆய்வு செய்யப் புகும் மாணவ மாணவியர்க்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியப் பெருமக்களுக்கும்:



உங்கள் ஆய்வுத் திட்டம் விலங்கு நெறிமுறைக் கமிட்டியின் முன் வைக்கப்படும்போது, எத்தனை பிராணிகள் வேண்டும், அத்தனை ஏன் வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் விடை எழுத வேண்டியிருக்கிறது. பிரிவுக்கு ஆறாக ஐந்து பிரிவுகளுக்கு முப்பது என்று முதற் கேள்விக்கு விடை எழுதுவது நம் நாட்டு மருந்தியல் கூடங்களில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. இரண்டாம் கேள்விக்கோ, இதற்கு முன் செய்தவர்களும் ஆறே வைத்தார்கள் என்பதற்கு மேலான நியாயம் எழுதப்படுவது அரிது. ஆறு என்னும் அந்த எண் போதுமா என்பதைப் பற்றியும், அதைவிட ஆழமாக, எதை ஒன்று என்று கொண்டு நாம் ஆறு என எண்ணுகிறோம் என்பதைப் பற்றியும், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த இந்த ஜில்லாவில் வாழ்ந்து ஆராயும் உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்பியே இம்மடலை எழுதுகிறேன்.

ஆறு போதுமா என்பதிலிருந்து தொடங்குவோம். மூளையின்மேல் மருந்துகள் செய்யும் வேலையை ஆராயும் சாஸ்திரத்தில் நம் தேசத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதைக் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஆங்கிலேய இருதய மருத்துவ சஞ்சிகையில் தம் அனுபவத்தை வெளியிட்டு, இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் அதன் குணத்தை உலகறியச் செய்தார். 1952-இல் ஸ்விட்சர்லாந்து தேசத்துச் சீபா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரிசர்பைன் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் 1957-இல், ஸ்வீடனில் அர்விட் கார்ல்சனும் அவருடைய சகாக்களும், ரிசர்பைன் செலுத்தப்பட்டு அசைவற்றுச் சோர்ந்து கிடந்த பிராணிகளுக்கு டோப்பா என்னும் பொருளை ஊசி வழியே கொடுக்க, அவை சிறிது நேரத்துக்கெல்லாம் எழுந்து நடமாடத் தொடங்கின. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இன்று பிரதானமாகத் தரப்படும் மருந்தின் வரலாறு அங்கேதான் வேர் கொண்டிருக்கிறது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் அதன் வழியே வந்தது.

அந்தப் பரிசோதனைக்கு நூற்றுக்கணக்கான பிராணிகள் தேவைப்படவில்லை. கிடந்தது எழுந்தது என்னும் அளவுக்கு வித்தியாசம் பெரிதாக இருக்குமிடத்தில் சில ஜீவன்களே சாட்சி சொல்லப் போதும். ஆனால் வல்லாரைச் சாற்றையோ, நீர்ப்பிரமியையோ, சித்தேரி மலைச்சரிவில் பறித்துவந்த ஒரு மூலிகையின் வடிநீரையோ எலிக்குக் கொடுத்து, நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை அது சில விநாடிகள் முன்னதாகக் கண்டடைகிறதா என்று பார்க்கும் நம் ஆய்வுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு மருந்தும் கொடுக்காத எலிகளுக்குள்ளேயே சுறுசுறுப்பானது ஒன்று, மந்தமானது ஒன்று என்று இயற்கையான ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வின் பரப்பைத்தான் திட்ட விலக்கம் என்னும் அளவால் குறிக்கிறோம். மருந்தினால் உண்டாகும் மாற்றம் ஒரு திட்ட விலக்கம் அளவுக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மருந்தியலில் அது சிறிய மாற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை, இல்லாத மாற்றத்தை உண்டென்று சொல்லும் பிழை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாத எல்லையில், நூற்றுக்கு எண்பது முறை தவறாமல் கண்டுபிடிக்க வேண்டுமானால் பிரிவுக்குப் பதினேழு பிராணிகள் வேண்டும். ஆறு ஆறாக வைத்தால், உண்மையிலேயே இருக்கும் அந்த மாற்றத்தை மூன்று பரிசோதனைகளில் ஏறக்குறைய ஒன்றுதான் காட்டும். மற்ற இரண்டும் மருந்துக்குக் குணமில்லை என்று பொய் சொல்லும். காட்டுகிற அந்த ஒன்றும் யோகவசத்தால் மாற்றத்தை மிகைப்படுத்தியே காட்டும். ஏனெனில், ஆறு எலிகளைக் கொண்டு எல்லையைத் தாண்ட வேண்டுமானால் அன்றைய வித்தியாசம் உண்மையைவிடப் பெரிதாக அமைந்தால்தான் முடியும்.

நம் ஊர்க் கல்லூரிகளின் வசதிக் குறைவினால் நேர்ந்த குறை இது என்று எண்ணி நீங்கள் கூச வேண்டியதில்லை. கேத்தரின் பட்டனும் அவர் சகாக்களும் 2013-இல் நரம்பியல் ஆய்வுகளை ஆராய்ந்தபோது, உண்மையான மாற்றத்தைக் கண்டறியும் அவற்றின் திறனின் இடைநிலை அளவு இருபத்தொரு சதவிகிதமே என்று கண்டார்கள். ஆண் பெண் எலிகளின் நினைவாற்றலை ஒப்பிட்ட நீர்த்தொட்டிச் சோதனைகளில் அது பதினெட்டு சதவிகிதமாகவே இருந்தது. செல்வம் மிக்க தேசங்களின் நிலையும் இதுதான் என்பது நமக்கு ஆறுதலாகக் கூடாது.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட பின், பிராணிகள் வதைபடுவதைத் தடுக்க ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்து வாதாடினார். அந்த முயற்சியின் பயனாகவே 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த பிராணிநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானார். அச்சட்டம் விஞ்ஞானப் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. புதிய அறிவை வளர்ப்பதற்காகவும், உயிரைக் காக்கவோ துன்பத்தைத் தணிக்கவோ பயன்படும் ஞானத்துக்காகவும் செய்யப்படும் சோதனைகளுக்கு அது இடம் விட்டு, அவை கவனத்தோடும் கருணையோடும் செய்யப்பட வேண்டும் என்று விதிக்கிறது. எந்த அறிவையும் தர இயலாது என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனைக்கு அந்த இடத்தில் உரிமை உண்டா என்று நான் கேட்கிறேன். என் அபிப்பிராயத்தில் இல்லை. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று எழுதியதைப் பலர் பன்னிரண்டை ஆறாக்குவது என்று பொருள் கொண்டுவிட்டார்கள். பயனற்ற முப்பது உயிர்களைவிடப் பயனுள்ள நாற்பது உயிர்களே குறைந்த வதை. பயனற்ற முப்பதுக்குப் பின்னால், அதே கேள்வியை மறுபடி கேட்கும் இன்னொரு முப்பதும் அதற்கடுத்த முப்பதும் வரிசையில் நிற்கின்றன.

பிழைபட்ட எண்ணிக்கையின் சுமை எலியோடு முடிவதும் இல்லை. நரம்புகள் தேய்ந்து தசைகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய வியாதிக்கு மினோசைக்ளின் என்ற மருந்து சுண்டெலிகளில் நல்ல பயன் தந்ததாக 2002-இல் பிரசித்தமான சஞ்சிகையில் செய்தி வெளியாயிற்று. அந்த நம்பிக்கையின்மேல் 412 நோயாளிகள் மனிதச் சோதனைக்கு உடன்பட்டார்கள். 2007-இல் முடிவு வந்தபோது, மருந்து உண்டவர்களின் உடல்நிலை, போலி மாத்திரை உண்டவர்களுடையதைக் காட்டிலும் இருபத்தைந்து சதவிகிதம் விரைவாகச் சீர்கெட்டது தெரிந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவில் அந்நோய்க்கென்றே அமைந்த ஆய்வு நிலையம் ஒன்று, எழுபதுக்கு மேற்பட்ட மருந்துகளைப் பதினெண்ணாயிரம் சுண்டெலிகளில் ஐந்தாண்டுக் காலம் பரீட்சித்த வரலாற்றை வெளியிட்டது. ஓர் ஈற்றில் பிறந்தவற்றை இரு பிரிவுக்கும் பங்கிட்டு, ஆணையும் பெண்ணையும் சமமாக அமைத்து, நோய் அல்லாத காரணத்தால் இறந்தவற்றை விலக்கிப் பார்த்தபோது, முன்பு பயன் தந்ததாகப் புகழப்பட்ட மருந்துகளில் ஒன்றுகூட ஆயுளை நீட்டவில்லை. பழைய வெற்றிகளில் பெரும்பாலானவை, மருந்தே இல்லாமலும் சிறு கூட்டங்களுக்கிடையே தற்செயலாகத் தோன்றும் வேறுபாடுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்த 412 பேரும் விஞ்ஞானத்தை நம்பித் தங்களிடம் மிஞ்சியிருந்த சொற்ப நாட்களைக் கொடுத்தவர்கள் என்பதை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன், நீங்களும் மறக்கலாகாது.

ஓர் ஈற்று என்று சொன்னேன். எதை ஒன்று என்று எண்ணுவது என்னும் கேள்வியின் நடுமையம் அதுதான். நரம்பியல் ஆய்வாளரும் புள்ளியியல் அறிந்தவருமான ஸ்டான்லி லாசிக் என்பவர் இந்த ஒரு விஷயத்தையே பல ஆண்டுகளாக விடாமல் எடுத்துரைத்து வருகிறார். கருவுற்ற எலிக்கு வால்ப்ரோயிக் அமிலம் என்னும் வலிப்பு மருந்தைக் கொடுத்து, அதன் குட்டிகளிடம் ஆட்டிசம் போன்ற குணங்கள் தோன்றுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வுகளை அவரும் ஒரு சகாவும் 2013-இல் பரிசீலித்தபோது, மருந்து உண்டது தாயாகையால் எண்ண வேண்டியதும் தாயையே என்று உணர்ந்து கணக்கிட்டவை நூற்றுக்கு ஒன்பதே என்று கண்டார்கள். மற்றவர்கள் குட்டிகளை எண்ணினார்கள். நான்கு தாய்களுக்கு மருந்து கொடுத்து, ஒவ்வொன்றின் ஈற்றிலும் எட்டுக் குட்டிகளாக முப்பத்திரண்டு குட்டிகளை அளந்தவர், தம்மிடம் முப்பத்திரண்டு சாட்சிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஒரே கருப்பையில் வளர்ந்து, ஒரே முலையுண்டு, ஒரே தாயின் கவனத்தையோ அலட்சியத்தையோ பங்கிட்டுக்கொண்ட அந்த எட்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை பாதியளவு என்று கொண்டால், முப்பத்திரண்டு குட்டிகள் தரும் செய்தி, தனித்தனித் தாய்களிடமிருந்து வந்த ஏழு குட்டிகள் தரும் செய்திக்கு மேல் இராது. ஓர் எலியின் மூளையிலிருந்து ஐம்பது நரம்பணுக்களை நுண்ணோக்கியில் அளந்து ஐம்பது என்று எழுதுவதும் இதே பிழை. அங்கேயும் எலி ஒன்றுதான்.

இந்தக் கேள்வி தருமபுரியில் வேறெங்கும் இல்லாத கனம் பெறுகிறது. கருங்கற்பாறைகளின் மேல் அமைந்த நம் ஜில்லாவில், பாறையின் கனிமங்கள் சிதைந்து கரைய, பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையையும் முதியவர்களின் எலும்பில் விறைப்பையும் உண்டாக்கி வந்திருக்கிறது. சென்னை ராஜதானியில் இவ்வியாதியை முதன்முதலாக 1937-இல் நெல்லூர் ஜில்லாவில் கண்டறிந்து எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அஸ்திவாரம் இடப்பட்டு, 2013-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டதும், அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்னும் நோக்கம் பொறிக்கப்பட்டிருப்பதும் நீங்கள் அறிந்தவை. பல்லும் எலும்பும் தவிர, குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் இந்த நீர் பாதிக்கிறதா என்பதே இன்று உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃப்ளோரைடு, குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவதோடு தொடர்புடையது என்று, மனிதரைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் மிதமான உறுதியோடு கூறியது. நம் ஜில்லாவின் எத்தனையோ கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியவை.

இதில் எலிகளின் சாட்சியம் என்ன? ஃபில்லிஸ் மல்லெனிக்ஸ் என்னும் விஞ்ஞானி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 75 முதல் 125 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு கலந்த நீரை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் நடத்தையில் மாறுதல்களைக் கண்டார். அதற்குப் பின் வந்த எண்ணற்ற பரிசோதனைகளையெல்லாம் அதே நச்சியல் திட்டத்தார் 2016-இல் முறையாகச் சீர்தூக்கி, கற்றலும் நினைவும் குன்றுகின்றன என்பதற்குக் கிடைத்த சான்று குறைந்தது முதல் மிதமானது வரையே என்றார்கள். பிறகு அவர்களே புதியதொரு பரிசோதனை நடத்தினார்கள். கருவுற்ற எலிகளுக்கு லிட்டருக்கு 10, 20 மில்லிகிராம் ஃப்ளோரைடு கலந்த நீரைக் கொடுத்து, பிறந்த ஆண் எலிகளை வளர்ந்தபின் சோதித்தார்கள். வழக்கமான எலித்தீனியிலேயே கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கிறது என்பதைக் கவனித்து, அது குறைந்த தீனியைத் தனியாகச் செய்வித்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில் கற்றலிலோ நினைவிலோ வித்தியாசம் எதுவும் புலப்படவில்லை. தீனியை அளந்து பார்க்காமல் நீரை மட்டும் அளந்த பழைய ஆய்வாளர்களின் கட்டுப்பாட்டு எலிகள் உண்மையில் எவ்வளவு ஃப்ளோரைடு உண்டன என்று எண்ணிப் பாருங்கள். மனிதக் குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விலங்குச் சான்று போதாது என்றே அந்தத் திட்டத்தார் கடைசியில் ஒதுக்கிவிட்டார்கள். எத்தனையோ எலிகள் உயிர் விட்டும், எந்தக் குழந்தைக்காக விட்டனவோ அந்தக் குழந்தையைப் பற்றி அவற்றால் ஒரு வார்த்தை சொல்ல முடியாமற் போயிற்று என்பதைவிட இந்தத் துறைக்கு வேறு துக்கம் இல்லை.

உங்களில் சிலர் இவ்வாண்டும் எலிகளுக்கு ஃப்ளோரைடு நீர் வைப்பீர்கள். நீரைப் போத்தலில் நிரப்பிக் கூண்டில் மாட்டுகிறீர்கள். ஒரு கூண்டில் மூன்று எலிகள் அந்த ஒரு போத்தலிலிருந்தே குடிக்கின்றன. ஃப்ளோரைடை எலி எலியாக நீங்கள் பங்கிடவில்லை, கூண்டு கூண்டாகவே பங்கிட்டிருக்கிறீர்கள். ஆகையால் அங்கே ஒன்று என்பது கூண்டு. பிரிவுக்கு ஆறு எலி என்று நீங்கள் எழுதுவது உண்மையில் பிரிவுக்கு இரண்டு கூண்டு. இரண்டு கூண்டுகளைக் கொண்டு இரண்டு கூண்டுகளோடு ஒப்பிட்டு யாரால் என்ன சொல்ல முடியும்? ஊருக்குள் சென்றாலும் இதே நியாயம்தான். ஒரு சிற்றூரின் ஐம்பது குழந்தைகளும் ஒரே கைப்பம்பின் நீரைக் குடித்து, ஒரே பள்ளியில் பயின்று, ஒரே மழைக்கும் ஒரே வறுமைக்கும் ஆளாகி வளர்கிறார்கள். அவர்களையும் ஃப்ளோரைடு குறைந்த வேறோர் ஊரின் ஐம்பது குழந்தைகளையும் வினாத்தாள் கொடுத்து ஒப்பிட்டுவிட்டு, நூறு குழந்தைகளை ஆராய்ந்தோம் என்று எழுதுகிறவர், ஆராய்ந்தது இரண்டு கிணறுகளைத்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையே நீரைத் தவிர வேறு எத்தனையோ வித்தியாசங்கள் இருக்கும். அவற்றில் எது பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தாழ்த்தியது என்பதை அந்த நூறு வினாத்தாள்களும் சொல்லமாட்டா.

பிரித்து வைக்கும் முறையையும் அளக்கும் முறையையும் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் ஜில்லாவில் 1930-இல் பத்தாயிரம் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, கொடாத பத்தாயிரம் பேரோடு வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதில் ஆசிரியர்கள் கைவைக்க இடமிருந்ததால், மெலிந்த ஏழைக் குழந்தைகள் மீது இரக்கம் கொண்டு அவர்களைப் பால் பக்கமாகச் சேர்த்துவிட்டார்கள். ஸ்டூடண்ட் என்னும் புனைபெயரால் நாம் அறிந்த காசெட், அடுத்த ஆண்டு அதைச் சுட்டிக்காட்டி, அவ்வளவு பெரிய முயற்சியின் முடிவு சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதை விளக்கினார். கருணையே கணக்கைக் கெடுக்குமானால், கூண்டுக்குள் கைவிட்டு முதலில் அகப்படும் சாதுவான எலியை முதற் பிரிவுக்கு வைக்கும் அலுப்பு அதைக் கெடுக்காதா? புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்து வயல்களில் பாத்திகளுக்கு உரத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்ட முறையே எலிக்கும் உரியது. அளக்கிறவர் எந்தக் கூண்டுக்கு எந்த நீர் என்று அறியாதிருப்பதும் அவ்வளவே அவசியம். ரோசந்தாலும் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை எலிகளையே சில மாணவர்களுக்குக் கூர்மதி வம்சம் என்றும் சிலருக்கு மந்தமதி வம்சம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கூர்மதி என்று நம்பியவர்களின் எலிகளே நன்றாகக் கற்றதாகக் குறிப்பேடுகள் கூறின. அந்த மாணவர்கள் பொய்யர்கள் அல்லர்; அவர்களுடைய எதிர்பார்ப்பே அவர்கள் அறியாமல் முடிவைச் சாய்த்தது. 2009-இல் கில்கென்னி முதலியோர் 271 ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தபோது, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததாக எண்பத்தேழு சதவிகிதக் கட்டுரைகளிலும், அறியாமல் அளந்ததாக எண்பத்தாறு சதவிகிதக் கட்டுரைகளிலும் ஒரு வரிகூட இல்லை. இவ்விரண்டுக்கும் ஒரு காசும் செலவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு மட்டும் செலவு உண்டு. பதினேழு தாய் எலிகளை ஒரு பிரிவுக்கு வைக்க நம் கல்லூரி ஒவ்வொன்றாலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றால் முடியாதது நான்கால் முடியும். ஒரே திட்டத்தை எழுதி, ஒரே கேள்வியைக் கேட்டு, நான்கு கல்லூரிகள் ஆளுக்குச் சில கூண்டுகளை ஏற்று நடத்தினால், எண்ணிக்கை நிறைவதோடு, ஒரு கூடத்தின் தீனிக்கும் வெளிச்சத்திற்கும் மட்டுமே உரிய தற்செயலான முடிவு உண்மையென்று உருவெடுப்பதும் தடுக்கப்படும். இரண்டு மூன்று கூடங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வின் முடிவு மறுமுறையும் நிலைத்து நிற்கும் வாய்ப்பு மிகுதி என்று 2018-இல் பெர்ன் நகரத்து ஆய்வாளர்களும் நிறுவியிருக்கிறார்கள். மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனி மூலிகையோடு தனித்தனி ஆறு எலிகளைச் செலவிட்டுத் தனித்தனி ஏட்டை அலமாரியில் அடுக்குவதைவிட, பத்து மாணவர் சேர்ந்து ஒரு கேள்விக்குத் தீர்மானமாக விடை காண்பது ஆயிரம் மடங்கு மேலானது. அப்படிக் கூட்டாகச் செய்த வேலைக்குப் பட்டம் தர விதி இடங்கொடாது என்று சொல்லும் ஆசிரியர்களிடம், அந்த விதியை மாற்றக் கோரிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களிடம் நான் வேண்டுவன சொற்பமே. அடுத்த படிவத்தில் ஆறு என்று எழுதுமுன், எவ்வளவு மாற்றத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள், அதற்கு எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கையும் உடன் எழுதுங்கள். குட்டியின் எண்ணோடு தாயின் எண்ணையும் கூண்டின் எண்ணையும் குறிப்பேட்டில் பதியுங்கள். தீனியின் ஃப்ளோரைடு அளவையும் அளந்து பதியுங்கள். மாற்றம் ஒன்றும் தெரியவில்லையென்றாலும் அதை மறைக்காமல் வெளியிடுங்கள். நெறிமுறைக் கமிட்டியில் அமர்ந்திருப்பவர்களே, இவை இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் புள்ளியியல் ஆசிரியன்